ஆடி மாதத்தில் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம்

1

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒரு படத்தை மேலே தள்ளியது. சென்ற வருடம் இதே நாள் என்றது. வழக்கமாக மகளின் பிறந்தநாள், கடற்கரை, கேக் என்று எதையாவது காட்டும். இன்று காட்டியது என் அண்ணன் வீட்டு வராந்தாவை. கூரை ஓரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்குகிறது. அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே, "மாட்டுனான்" என்று எழுதியிருக்கிறது.

மாட்டியதாகச் சொல்லப்படுகிறவன் என் அண்ணன். வட்டம் போட்டவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்த வட்டத்தால் ஒரு கிழவியின் உயிர் போயிருக்கும். போகவில்லை என்பதால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது.

நான் இருப்பது அயர்லாந்தில், மழையைத் தவிர வேறு செய்தி இல்லாத ஒரு சிறு ஊரில். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். பிறந்தது வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில், ஆற்றோரத் தேயிலை எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள், ஆங்கிலத்தில் லைன். வந்த புதிதில், கூட வேலை பார்க்கும் பிரீடாவிடம் "நான் லைனில் பிறந்தவள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ரயில் பாதையில் பிறந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அவள் என் அம்மாவுக்காக வருத்தப்பட்டாள். திருத்தலாம் என்று பார்த்தேன். அம்மாவுக்காக வருத்தப்படுவதில் தப்பொன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

2

எங்கள் கைபேசிக் குழுவுக்கு 'ஆத்தோரம்' என்று பெயர். எஸ்டேட்டில் எங்கள் டிவிஷனிலேயே இருப்பவர்களும் வெளியே போனவர்களும் சேர்ந்து தொடங்கியது. திருப்பூரில் பனியன் தைப்பவர்கள், எர்ணாகுளத்தில் ஹோட்டலில் நிற்பவர்கள், துபாயில் கிரேன் ஓட்டும் ஒருவர், அயர்லாந்தில் நான். ஆரம்பத்தில் வந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இன்னார் இறந்துவிட்டார், நாளை அடக்கம். இன்னார் மகளுக்குச் சடங்கு. கோயில் கொடைக்கு வசூல். பள்ளிக்கூடத்துப் பழைய படம் ஒன்றை யாராவது போட்டால் அதில் நிற்பது யார் யார் என்று நாள் முழுக்க வாக்குவாதம் நடக்கும். அந்த வாக்குவாதத்தில் யாரும் யாரையும் "நீ யார்?" என்று கேட்டதில்லை. மூக்கை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள்.

பிறகு ஒருவர் தன் மைத்துனரைச் சேர்த்தார். மைத்துனர் தன் நண்பரைச் சேர்த்தார். ஒருநாள் பார்த்தால் குழுவில் பாதிப் பேருக்கு முகமே இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கம், கழுகு, கொடி, சூரிய அஸ்தமனம். சிங்கங்கள் பேச ஆரம்பித்ததும் எங்கள் ஆட்கள் சத்தம் குறைந்துபோனார்கள். பழைய மேஸ்திரி ஒருவர் இறந்த செய்திக்குக் கீழே ஒரு கழுகு, "எந்தக் கட்சி?" என்று கேட்டது. அடக்கத்துக்குப் போகக் கட்சி எதற்கு என்று யாராவது திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். இறந்தவரின் மகனே வந்து, அப்பா எந்தத் தொழிற்சங்கத்தில் இருந்தார், எந்த வருடம் விலகினார் என்று விளக்கம் எழுதினான். பெட்டியில் அப்பா கிடக்கும்போது அதை எழுதியிருக்கிறான்.

நானும் அதைப் படித்துவிட்டுக் கும்பிடும் கையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

3

எங்கள் ஊருக்கு மேலே அணை இருக்கிறது. அதன் தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வயல்களுக்குப் போகிறது. அணை நிறைந்தால் ஷட்டர் வழியாக மிச்சம் எங்கள் பக்கம் வரும். நாங்கள் அணைக்குக் கீழே, கேரளத்தில், தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறவர்கள். இணையத்தில் உட்கார இதைவிட வசதியில்லாத இடம் கிடையாது.

பயமாக இருக்கிறது என்று எங்களில் ஒருவர் எழுதினால், "தமிழ்ப் பெயரில் ஒளிந்திருக்கும் மலையாளி" என்று அந்தப் பக்கத்துச் சிங்கம் சொல்லும். பயமில்லை என்று எழுதினால், "இங்கே சோறு தின்றுவிட்டு அங்கே வாலாட்டுகிறவன்" என்று இந்தப் பக்கத்துக் கழுகு சொல்லும். எதுவுமே எழுதாவிட்டால் இரண்டும் சேர்ந்துகொண்டு, "ஏன் இந்தக் கள்ள மௌனம்?" என்று கேட்கும்.

அணை உறுதியா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது படித்தவர்கள் பேச வேண்டியது. எனக்குத் தெரிந்தது படி. எங்கள் கீழ் லயத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிகளும், அடியில் துணி துவைக்கும் கல்லும். கல் தெரிந்தால் ஒன்றுமில்லை. கல் மறைந்தால் கோழிக்கூட்டைத் தூக்கி வைக்க வேண்டும். தண்ணீர் மேல்படியை நெருங்கினால் ஆளைத் தூக்க வேண்டும். எங்கள் டிவிஷனின் அணை ஞானம் மொத்தமும் இவ்வளவுதான். இதில் எந்தப் பக்கமும் கிடையாது.

"நிரூபி" என்ற சொல்லும் எங்களுக்குப் புதிதல்ல. என் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டி அப்பா வில்லேஜ் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். உங்கள் அப்பா காலத்திலிருந்து இங்கே இருப்பதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். தாத்தா அந்த மலையில் தேயிலை நட்டிருந்தார், ஆதாரம் நடவில்லை. மலை இறங்கித் தேனிப் பக்கம் போய்க் கேட்டால், நீங்கள் கேரளக்காரர், அங்கே கேளுங்கள் என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், நாற்காலிகூடப் போட்டார்கள். இங்கே அயர்லாந்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, இந்த ஊரில்தான் வசிக்கிறேன் என்பதற்கு மின்கட்டண ரசீது கேட்டார்கள். கொடுத்தேன். நம்பிவிட்டார்கள். ஏதோ தப்பு நடந்துவிட்டது, திரும்பக் கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன்.

4

சென்ற ஆடியில் ஊரில் விடாத மழை. எனக்குக் காலைப் பணி, அங்கே மதியம் தாண்டியிருக்கும். தேநீர் இடைவேளையில் குழுவைத் திறந்தால் அண்ணன் ஒரு வீடியோ போட்டிருந்தான்.

அண்ணன் பெயர் சவரி, ஜீப் ஓட்டுகிறவன். அவன் பேசியதைவிட ஹாரன் அடித்தது அதிகம். தன் வீடு இருக்கும் மேல் லயத்து வராந்தாவில் நின்றபடி கீழே ஆற்றைக் காட்டி எடுத்திருந்தான். பழுப்பு நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. துவைக்கும் கல்லைக் காணோம். பின்னால் அறிவிப்பு வண்டியின் ஒலிபெருக்கிச் சத்தம்.

"கல்லு மறைஞ்சு போச்சு. ஷட்டரு இன்னும் தூக்குவாங்கன்னு அறியிப்பு வண்டி சொல்லிட்டுப் போவுது. கீழ் லயத்து ஆளுக எல்லாரும் மேல வந்துருங்க. சாமானப் பெறகு பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் பேசினான். படத்தின் மேல் ஓரத்தில், காற்றில் ஆடிக்கொண்டு, பாலிதீன் உறைக்குள் ஒரு நட்சத்திரம்.

பீதியைக் கிளப்ப எவ்வளவு வாங்கினாய் என்று முதலில் ஒரு சிங்கம் கேட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்கம் எல்லோரிடமும் கேட்பதுதான். அடுத்து எழுதியவன் கணேசன்.

கணேசன் பேச்சியத்தையின் மகன். பேச்சியத்தை எங்களுக்கு ரத்த உறவில்லை. லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு முறை. கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவள், கீழ் லயத்தில் கடைசி வீட்டில், படிகளுக்கு நேர் மேலே தனியாக இருக்கிறாள். கணேசன் பள்ளி முடித்ததும் திருப்பூர் போனவன், இப்போது சொந்தமாகத் தையல் மெஷின்கள் போட்டிருக்கிறான். மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் வரும், அவன் வருவதில்லை. ஆர்டர், டெலிவரி, ஆள் இல்லை என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு காரணம். என்னுடைய காரணங்களைப் போலவே அவையும் உண்மையாகத்தான் இருக்கும்.

அவன் கெட்டவன் இல்லை. குழுவுக்குச் சிங்கங்கள் வந்தபோது முதலில் அவற்றுக்குக் கைதட்டினான். பிறகு பின்னால் நடந்தான். அப்புறம் முன்னால் ஓடினான். ஊரில் இல்லாதவனுக்கு ஊருக்காக எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரக்கும். அவனுக்குக் கிடைத்தது காவல் வேலை.

அவன் வீடியோவை நிறுத்திப் படம் பிடித்து, நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் போட்டு எழுதியிருந்தான்.

"மேல பாருங்க மக்களே. ஆடி மாசம் எவன் வீட்ல கிறிஸ்மஸ் ஸ்டாரு தொங்குது? இது என்னைக்கோ டிசம்பர்ல எடுத்தது. மாட்டுனான்."

துப்பறிதல் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. கண்ணில் பட்டதைப் பிடித்தான், நல்ல கேள்வியாகவும் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அது ஒன்றுதான். சிங்கங்களும் கழுகுகளும் ஒரே நேரத்தில் மகிழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வட்டம் குழுவைத் தாண்டி எங்கெங்கோ போயிற்று. கணேசன் அதோடு நிற்காமல் அம்மாவையும் கூப்பிட்டு, யார் சொன்னாலும் வீட்டை விட்டு இறங்காதே, எல்லாம் பொய் என்று சொல்லியிருக்கிறான்.

5

ஆடியில் நட்சத்திரம் எதற்கு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லயத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வந்துவிட வேண்டும். எல்லோரும் வந்தால் ஜனவரி ஆறில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து நட்சத்திரத்தை இறக்குவார்கள். ஒருவர் வராவிட்டாலும் அந்த வீட்டு நட்சத்திரம் தொங்கும். வராதவர் என்றைக்கு வருகிறாரோ அன்றைக்கு அவர் கையால்தான் இறக்க வேண்டும். இதை எந்தச் சாமியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அப்பா வால்பாறைப் பக்கம் வேலைக்குப் போய் வரமுடியாமல் நின்றுவிட்டார். தவக்காலத்தில் வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் மேலே பார்த்து, "இதென்னம்மா இன்னும்?" என்றார். "இதுக அப்பா இன்னும் வரல சாமி" என்றாள் அம்மா. ஃபாதர் அதற்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு முந்தின நாள் அப்பா வந்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஏணி எங்கே என்று கேட்டார்.

இந்தக் கதையைப் பிரீடாவிடம் சொன்னபோது பதறிவிட்டாள். இங்கே ஜனவரி ஆறாம் தேதிக்குள் எல்லா அலங்காரத்தையும் இறக்கியாக வேண்டும், வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாதாம். ஒரே பண்டிகைதான்.

நான் அப்போது மூன்று கிறிஸ்துமஸாக ஊருக்குப் போயிருக்கவில்லை. ஒரு வருடம் இல்லத்தில் லீவு கொடுக்கவில்லை. ஒரு வருடம் மகளுக்குப் பரீட்சை. இன்னொரு வருடம் கணவருக்கு அறுவை சிகிச்சை. நட்சத்திரம் மழையில் நனையாமல் இருக்க அண்ணன் உறை போட்டுக் கட்டியிருக்கிறார் என்று மதினி ஒருமுறை போனில் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனேன்.

கணேசனின் வட்டத்தைப் பார்த்தபோது முதலில் நானும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணன் எதற்குப் பழைய வீடியோவைப் போட்டான் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. என் சொந்த அண்ணன், பொய் சொல்லவும் சோம்பல்படுகிறவன். அந்த நட்சத்திரம் எனக்காகத் தொங்குவது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மாத்திரை வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

6

குழுவில் எழுதினேன். இது என் அண்ணன் வீடு, நான் வராததால் நட்சத்திரம் இன்னும் தொங்குகிறது, வீடியோ இன்றைக்கு எடுத்தது, கீழ் லயத்துக்காரர்கள் தயவுசெய்து ஏறிவிடுங்கள். இதைவிடச் சுருக்கமாக, இதைவிட உண்மையாக நான் எதையும் எழுதியதில்லை.

பதில்கள் மளமளவென்று வந்தன. கதை நன்றாக இருக்கிறது, சினிமா எடுக்கலாம். அயர்லாந்திலிருந்து இயக்குகிறார்கள், பாருங்கள். நட்சத்திரத்தை வைத்து மதம் பரப்புகிறார்கள். சரி, நீ அந்த ஊர்தான் என்றால் ரேஷன் கார்டைப் போடு. இவற்றோடு இன்னொன்று. மூன்று வருடமாக ஊருக்குப் போகாத உங்களுக்கு இன்றைக்கு ஊரில் நடப்பது எப்படித் தெரியும்? கேட்டவர் கெட்ட எண்ணத்தில்தான் கேட்டார். ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் ரேஷன் கார்டைத் தேட ஆரம்பித்தேன். அப்பா காலத்து அட்டையின் படம் கைபேசியில் எங்கோ இருந்தது. என் மகள் நிம்மி அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்திலேயே பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் வேலைக்கு வந்திருந்தாள். பதினாறு வயது. தமிழ் படிக்கத் தெரியாது. என்னோடு சண்டை இல்லாத நாட்களில் மட்டும் பேசுவாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டோடு வந்து நின்றாள்.

"என்னம்மா தேடுறீங்க?"

"ரேஷன் கார்டு."

விஷயத்தைச் சொன்னேன். கைபேசியை வாங்கி, மொழிபெயர்ப்பில் போட்டு நாலைந்து பதில்களைப் பார்த்தாள். அவளுக்கு வியப்பே இல்லை. இதே சண்டையை வேறு வேறு கொடிகளோடு அவள் பத்து வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இவங்க தெரிஞ்சுக்கணும்னு கேக்கலம்மா. நீங்க கார்டு போட்டா, கார்டு ஃபேக்னு சொல்வாங்க. அப்புறம் வேற கேப்பாங்க. உங்களுக்கு யாரு நம்பினாப் போதும்?"

"கணேசன்."

"அப்ப அவருக்கு மட்டும் சொல்லுங்க. இங்க சொல்லாதீங்க. இங்க எல்லாரும் பாக்குறாங்கல்ல, அவரால இனிமே 'ஓகே, நான் தப்பு'ன்னு சொல்ல முடியாது."

சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டாள். எங்கள் இருவருக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்ட தமிழ்ப் பேச்சு அந்த வருடம் அதுதான்.

7

அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டான். மழைச் சத்தத்தில் கத்திப் பேசினான்.

"செல்வி, கீழ் லயத்துல எல்லாரும் ஏறியாச்சு. பேச்சியத்த மட்டும் வர மாட்டேங்கு. கட்டில் காலப் புடிச்சிட்டு ஒக்காந்திருக்கு. மவன் சொல்லிட்டானாம், எல்லாம் பொய்யாம். தூக்கப் போனா வெளக்கமாத்த எடுக்கு."

"தண்ணி எங்க நிக்கி?"

"மேல்படிக்கு இன்னும் ரெண்டு படிதான். கணேசனுக்குப் போன் போட்டா போவவே மாட்டேங்கு, என்னைய பிளாக் பண்ணிட்டான் போல. நீ பேசு. ஒங் கிளாசுதான?"

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். வருடா வருடம் படிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் தண்ணீரை அவள் எத்தனையோ தடவை பார்த்தவள். மகன் சொன்னது அவள் கண்டதோடு ஒத்துப்போனது. தவிரவும் மகன் அவளை அன்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசியிருந்தான். அது அடிக்கடி நடப்பதல்ல.

கணேசனைக் கூப்பிட்டேன். வெளிநாட்டு எண் என்பதாலோ என்னவோ உடனே எடுத்தான். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம்.

"கணேசா, செல்வி பேசுறேன்."

"சொல்லு. அண்ணனுக்கு வக்காலத்தா?"

"அத்தைய மேல போவச் சொல்லு."

"ஏன், அண ஒடையப் போவுதா? ஒடையணும்னுதான ஒங்களுக்கெல்லாம் ஆச."

"அணையப் பத்தி நான் ஒரு வார்த்த பேசல. ஒங்கம்மா வீட்டுப் படியப் பத்திப் பேசுறேன்."

"அந்தப் படிதான் வீடியோல பாத்தேனே. டிசம்பர் படி."

"டிசம்பர்ல என்னைக்குடா நம்ம ஆத்துல இவ்ளோ தண்ணி ஓடிருக்கு?"

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான், ஏதோ ஒரு வருடத்துப் புயல் மழை. நான் அதை மறுத்தேன். அவன் என் மறுப்பை மறுத்தான். நீ எப்போதுமே அப்படித்தான் என்றான், நானும் ஏதோ சொன்னேன். எழுத்துக்குப் பதில் குரலில் நடந்தது, மற்றபடி நாங்கள் குழுவுக்குள்தான் நின்றுகொண்டிருந்தோம். அங்கே தண்ணீர் படி ஏறிக்கொண்டிருந்தது. 

"சரி கணேசா. நான் பொய்யி. எங்கண்ணனும் பொய்யி. ஒங்கம்மா ஒங்கிட்டப் பொய் சொல்லுமா?"

அவன் வாயெடுப்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"அதுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. எங்க வீட்டு வராந்தாவுல இப்ப ஸ்டாரு தொங்குதா இல்லியான்னு கேளு. இல்லன்னு சொல்லிச்சுன்னா நானே குழுவுல வந்து, எங்கண்ணன் பண்ணது ஃபிராடுன்னு எழுதுறேன்."

போனை வைத்துவிட்டான்.

இடைவேளை முடிந்திருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய் மாத்திரை கொடுத்தேன். ஒரு பெரியவர், ஏன் ஜெபித்துக்கொண்டே மாத்திரை கொடுக்கிறாய், அவ்வளவு மோசமான மாத்திரையா என்று கேட்டார். வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசி அறையிலிருந்து வெளியே வந்தபோது அண்ணனின் குரல் செய்தி இருந்தது. ஜீப்பின் இரைச்சல், நடுவில் ஒரு கிழவி யாரையோ வைதுகொண்டிருக்கிறாள். "ஏத்திட்டேன்" என்ற ஒரு சொல்தான் அவன் பேசியது.

அத்தை பிறகு சொன்னது இது. மகன் மூன்றாம் தடவை கூப்பிட்டு, செல்வி வீட்டில் ஸ்டார் தொங்குகிறதா என்று கேட்டானாம். இவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதென்னல கேள்வி? அந்தப் பிள்ள இன்னும் ஊருக்கு வரல்லல்லா, பின்ன எப்படி எறக்குவாக? தெனமும் நான் பாத்துட்டுத்தான கெடக்கேன்."

 பிறகு, "எந்திரிச்சு மேல போம்மா" என்றானாம். அழுதானா என்று மதினி கேட்டதற்கு, தெரியாது, மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.

8

அன்று சாயங்காலம் தண்ணீர் அத்தை வீட்டுக்குள் போனது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. அரிசி, பாய், கோழிக்கூடு எல்லாம் போயிற்று. அத்தை பள்ளிக்கூடத்து முகாமில் பெஞ்சில் உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கணேசன் குழுவில், "அம்மா கேம்புல இருக்கு" என்று எழுதினான். வேறெதுவும் எழுதவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வட்டத்தை அவன் அழிக்கவில்லை. அழித்திருந்தாலும் பயனில்லை, அது அதற்குள் அவன் கையை விட்டுப் போய்விட்டது. வேறு குழுக்களில் இன்றும் சுற்றுகிறது. போன மாதம் ஒரு நர்ஸ் தோழி, "இந்த மோசடியைப் பார்" என்று எனக்கே அனுப்பினாள். அது என் வீடு என்று பதில் எழுதிப் பாதியில் அழித்துவிட்டேன். அண்ணன் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பது ஒரு ஆறுதல். நட்சத்திரத்தைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

டிசம்பரில் அண்ணன் கூப்பிட்டபோது ஒரு விஷயம் சொன்னான். பேச்சியத்தை வந்து, என் வீட்டிலும் ஒரு ஸ்டார் கட்டு என்றாளாம். மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கிறவள். "ஒனக்கெதுக்கு அத்த இது?" என்று கேட்டிருக்கிறான்.

"ஏன், எம் மவனுந்தான் வரல. ஒங்க வீட்ல வராத பிள்ளைக்கு ஒரு வெளக்கு எரியுது. எனக்கு மட்டும் இருட்டாவா கெடக்கணும்?"

கட்டிக் கொடுத்தான். பொங்கலுக்குக் கணேசன் வரவில்லை. கோயில் கொடைக்கும் வரவில்லை. அத்தை நட்சத்திரத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தாளாம்.

9

இந்த ஆடியிலும் மழை. போன வாரம் அண்ணன் ஒரு வீடியோ போட்டான். அத்தை வீட்டு வாசலிலிருந்து எடுத்தது. கல் பாதி தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை, அதைச் சொல்லத்தான் போட்டிருந்தான். வாசலில் ஒரு நட்சத்திரம், திரும்பிக் காட்டும்போது தூரத்தில் எங்கள் வராந்தாவில் இன்னொன்று. புதிய சிங்கம் ஒன்று இரண்டுக்கும் வட்டம் போட்டு, இந்தத் தடவை ஒன்றல்ல, இரண்டு பொய் என்று எழுதியது. நிறையப் பேர் சிரித்தார்கள். கணேசன் வீடியோவைப் பார்த்திருந்தான் என்பது அடியில் தெரிந்தது. ஒன்றும் எழுதவில்லை.

காலையில் பழைய படத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. இடைவேளையில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றான். "நேத்துக் குமுளி பஸ்ஸுல கணேசன் வந்து எறங்குனான். குழுவுல யாருகிட்டயும் சொல்லல. நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான்."

"என்னண்ணே சொன்னான்?"

"பையக்கூட எறக்கல. ஏணி இருக்கான்னு கேட்டான்."

 ஏணியை இருவருமாகத் தூக்கிக்கொண்டு கீழே போனார்களாம். அவன் ஏறி இறக்கும்போது அத்தை கீழே நின்று, பார்த்து இறக்கு, உடைத்துவிடாதே, அடுத்த வருடத்துக்கு வேண்டும் என்று திட்டிக்கொண்டே இருந்தாளாம். திரும்பி வரும்போது கணேசன் எங்கள் வராந்தாவை நிமிர்ந்து பார்த்திருக்கிறான். நான் வேண்டுமானால் இதையும் இறக்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்ன?"

"அது ஒங்கையால ஆவாதுடேன்னு சொல்லிட்டேன்."

டிசம்பருக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இல்லத்தில் இன்னும் முடிவு சொல்லவில்லை, கொடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அண்ணன் கேட்டுக்கொண்டான். போன வருடமும் இதையேதான் சொன்னேன் என்று அவன் சொல்லவில்லை.

"ஏணிய இன்னும் உள்ள எடுத்து வைக்கல" என்றான். "வெளியவே சாத்தி வச்சிருக்கேன்."